சிஸ்டம் இல்லை

எங்கள் கடையில் குளிர்சாதனம் நன்றாக வேலை செய்யும். எங்கள் லாஸ் கார்சாஸ் ஊரில் அப்படிச் சொல்லிக்கொள்ள வேறு இடம் கிடையாது. மே மாத வெயிலில் பாதி ஊர் உள்ளே வந்து, ஒரு சோடாவை வாங்கி, அதை முக்கால் மணி நேரம் குடிக்கும். நான் ஒருவரையும் விரட்டியதில்லை. வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். பின்னால் வருவதைக் கேட்கும்போது என்னை ஈவிரக்கமில்லாதவன் என்று நினைக்கத் தோன்றும், அதற்காகச் சொல்கிறேன்.

பெயர் எவாரிஸ்தோ மகான்யா. வயது நாற்பத்தொன்று. பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடையில் பதினோரு வருடமாகக் கல்லாவில் நிற்கிறேன். திங்கள் முதல் வெள்ளிவரை நான், சனி ஞாயிறு யாரேலி என்ற பெண். கடையில் என்ன கிடைக்கும் என்று ஊரில் கேட்டால் சிப்ஸ், சோடா, ஐஸ்கட்டி என்பார்கள். உண்மையில் என் கல்லாவைத் தாண்டாமல் அந்த ஊருக்குள் ஒரு ஊசிகூட வந்ததில்லை. கொஞ்சம் பெரிய வார்த்தைதான், விளக்குகிறேன்.

ஊரில் நாலாயிரம் பேர். கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் ஐந்து பேர், அதில் ஒருவர் பாதிரியார். மற்றவர்களுக்கு வங்கியைக் கண்டால் பயம், வங்கிக்கு அவர்களைக் கண்டால் இளக்காரம். நானும் ஒருமுறை கார்டுக்கு எழுதிக் கொடுத்தேன். உங்களை சிஸ்டம் ஏற்கவில்லை என்று அந்த வங்கிப் பெண் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அது கிடக்கட்டும். கார்டு இல்லாவிட்டாலும் கைப்பேசி எல்லோரிடமும் உண்டு. அதில் விரலைத் தேய்த்துத் தேய்த்து எதையாவது வாங்குவார்கள். கடைசியில் ‘கடையில் ரொக்கமாகக் கட்டுகிறேன்’ என்பதை அழுத்துவார்கள். கோடு கோடாக ஒரு சீட்டு வரும். அதை என்னிடம் நீட்டினால் நான் கருவியைக் காட்டுவேன், ‘பீப்’ என்னும், பணத்தை வாங்கிப் போடுவேன். மூன்று நாளுக்குள் கட்டாவிட்டால் சீட்டு செத்துவிடும்.

வேறு வழியும் இருக்கிறது. சுரண்டினால் எண் தெரியும் பரிசு அட்டை இருக்கிறது, அதை விற்பது நான். பணம் ஏற்றிக்கொள்ளும் அட்டை இருக்கிறது, ஏற்றிக் கொடுப்பதும் நான். பெட்டி கைக்கு வந்தபின் பணம் கொடுக்கலாம் என்பார்கள். கூரியர்காரன் எங்கள் சந்துகளுக்குள் வண்டியை விடமாட்டான், எல்லாப் பெட்டியையும் என் கடையில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். ஆகவே அதுவும் நான்தான். ஆண்டவனே இறங்கி வந்து ஒரு ஜோடி செருப்பு வாங்க நினைத்தாலும் என் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும்.

என்ன வாங்கினார்கள் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கசாப்புக்கடைக்காரர் தலையில் முடி வளர்க்கும் தொப்பி வாங்கினார். பள்ளிக்கூட ஆயா வயிற்றைக் கரைக்கும் பெல்ட் வாங்கினாள், அதைக் கட்டிக்கொண்டு என் எதிரிலேயே எண்ணெயில் பொரித்த மூன்று மீன் எம்பனாதா தின்றாள். நாற்பது டிகிரி வெயிலில் ஒருத்தி தன் நாய்க்குக் கம்பளிச் சட்டை வாங்க வந்தாள். இந்தக் கூத்தையெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டு ‘பீப்’ போட வேண்டும்.

சீட்டில் எண்ணும் தொகையும்தான் இருக்கும், என்ன பொருள் என்று இருக்காது. அதனால் கேட்கத் தொடங்கினேன். என்னக்கா வாங்குறீங்க, என்னண்ணே வாங்குறீங்க என்று சாதாரணமாகத்தான் கேட்பேன். எல்லோரும் சொல்வார்கள். சொல்ல ஆசைப்பட்டார்கள் என்றே சொல்லலாம். கைப்பேசியைத் திருப்பிப் படத்தைக் காட்டி, நல்லாயிருக்கா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக என்னை ஒரு ஆளாக மதித்தார்கள்.

நாய்ச் சட்டைக்காரியிடம்தான் முதலில் சொன்னேன், சிஸ்டம் இல்லை என்று.

நம் நாட்டில் இந்த இரண்டு வார்த்தைக்கு எதிர்வார்த்தை கிடையாது மேடம். கணினி ஓடவில்லை என்பதற்கு வங்கியில் சொல்வார்கள், பதிவு அலுவலகத்தில் சொல்வார்கள், ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். ஏன் இல்லை, எப்போது வரும் என்று ஒருவரும் கேட்பதில்லை. மழை பெய்கிறது என்று சொன்னதுபோல் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவளும் மூன்று நாள் வந்தாள், மூன்று நாளும் போனாள். அடுத்த வாரம் அவளே வந்து, “நல்லவேளைண்ணா, அன்னைக்கு சிஸ்டம் இல்லாமப் போச்சு. அந்தக் காசுல செருப்பு வாங்கிட்டேன்” என்று காலைத் தூக்கிக் காட்டினாள். அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. இந்த ஜனங்களுக்கும் இவர்கள் முட்டாள்தனத்துக்கும் நடுவில் யாராவது ஒருவர் நின்றாக வேண்டும். சம்பளத்தில் அது சேர்த்தியில்லை, இருந்தாலும் நின்றேன். ஒரு பெசோ எடுத்ததில்லை.

அதற்கப்புறம் ஒரு அட்டையில் அந்த இரண்டு வார்த்தையையும் அழகாக எழுதி, கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். தேவைப்படும்போது எடுத்து நிறுத்துவேன்.

ஒப்துலியாவைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள், ஐம்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. தம்பி நிக்கானோரோடு ஏழாவது சந்தில் இருந்தாள். நிக்கானோர் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வெல்டராக இருந்தவன், நெஞ்சு சரியில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டான். வெறும் இருமல்தான், மழைக்காலம் முடிந்ததும் மேடைக்குத் திரும்பிவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். நாங்களும் நம்பியதுபோல் இருந்தோம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவள் சீட்டை நீட்டினாள். பெரிய தொகை. ஒரு வருடச் சீருடைக் காசாக இருக்கும்.

“என்னக்கா வாங்குறீங்க?”

“வேணுங்கிறதை வாங்குறேன்.”

“அதான், என்னன்னு கேட்டேன்.”

“எவ்வளவுன்னு சீட்டுல போட்டிருக்குல்ல தம்பி. உனக்கு அது போதும்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கசாப்புக்கடைக்காரர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், தலையில் ஒரு முடியும் முளைக்காத அந்த மனுஷர். நான் கோபப்படவில்லை. குனிந்து அட்டையை எடுத்து நிறுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். அட்டை இருந்தது. அவளுக்கு முன்னால் நின்றவரிடம் நான் மின்கட்டணம் வாங்கிக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டாள். “கரண்ட் பில்லுக்கு மட்டும் வேலை செய்யுதே தம்பி?” என்றாள். அது வேறு சிஸ்டம் என்றேன். வேறு சிஸ்டம் இருக்கலாம் என்று அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும், சரி என்று போய்விட்டாள்.

புதன்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் வந்து, கடை காலியாகும்வரை ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அப்புறம் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“நிக்கானோருக்கு மூச்சு மெஷின்ல போகுது தம்பி. ராத்திரி பகலா கரண்ட்லதான் ஓடுது. கரண்ட் போனா ஆறு மணி நேரம் தாங்குற பேட்டரிப் பெட்டிக்குத்தான் இந்தச் சீட்டு. மே மாசம் நம்ம ஊருல கரண்ட் எப்படின்னு உனக்கே தெரியும். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவன் சத்தியம் வாங்கியிருக்கான், இருமல்னுதான் ஊருல சொல்லியிருக்கு. உன்கிட்ட சொல்லிட்டேன். இன்னைக்குப் பன்னெண்டு மணியோட சீட்டு முடியுது.”

ஆக, எனக்குத் தெரியும். புதன்கிழமை காலை ஒன்பதே காலிலிருந்து எனக்குத் தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்துவிட்டான் என்று என் வக்கீல் சொல்லப் பார்க்கிறார். நல்ல மனிதர், ஆனால் என்னையும் அந்தக் கசாப்புக்கடைக்காரர் மாதிரி முட்டாள் ரகமாக நினைக்கிறார்.

ஏன் அப்போதே பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை என்பது நியாயமான கேள்வி. அட்டை மூன்று நாளாக அங்கே நிற்கிறது. பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். இவளுக்கு மட்டும் ‘பீப்’ போட்டால் என் வார்த்தைக்கு ஊரில் என்ன மரியாதை இருக்கும்? அதோடு, அவள் சொன்ன விதம். மற்றவர்கள் படத்தைக் காட்டி ஆசையாகச் சொல்வார்கள். இவள் பிச்சை போடுவதுபோல் சொன்னாள். திங்கட்கிழமையே ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. உட்காருங்கள் அக்கா, சிஸ்டம் வருகிறதா பார்க்கிறேன் என்றேன். சோடாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டேன். குளிர்ச்சியாக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு அடித்ததும் எழுந்து, “சரி தம்பி, உன்மேல என்ன தப்பு” என்றாள். அவள் வாயால் சொன்னது மேடம், நான் சேர்த்துச் சொல்லவில்லை.

அவள் அத்தோடு விட்டிருந்தால் நானே ஏதாவது செய்திருப்பேன். அடுத்த வாரம் வேறு சீட்டு எடுக்கச் சொல்லி, நானே ‘பீப்’ போட்டிருப்பேன். ஆனால் அவள் மறுநாளே பஸ் ஏறி பக்கத்து நகரமான கார்தெனாஸ் போய், அங்குள்ள எங்கள் கம்பெனிக் கடையிலேயே புதுச் சீட்டைக் கட்டிவிட்டாள். தள்ளுபடி முடிந்து விலை ஏறியிருந்ததாம், யாரிடமோ தையல் முன்பணம் வாங்கி ஈடுகட்டியிருக்கிறாள். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னாள். “அங்கே எல்லாம் சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒரு கேள்வி கேக்கல, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு.” குத்திக்காட்டியதாக அவள் நினைத்திருக்க மாட்டாள். எனக்குக் குத்தியது.

பெட்டி மே மாதம் இரண்டாவது திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு வந்தது. பதினான்கு கிலோ இருக்கும். வேறெங்கே வரும்? பாருங்கள், கார்தெனாஸ் போனாலும் கடைசியில் என் கைக்குத்தான் வந்தது. பின்னறையில், பெயர் எழுதிய பக்கம் சுவரைப் பார்க்க வைத்தேன். சரியான உயரம். மதியச் சாப்பாட்டுக்கு அதன்மேல் உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலம் வந்து கேட்டாள், வரவில்லை என்றேன். செவ்வாய் வந்தாள், வரவில்லை என்றேன். புதன்கிழமை கைப்பேசியைக் காட்டி, வந்துவிட்டதாக மெசேஜ் இருக்கிறதே என்றாள். வண்டி கிளம்பினாலே அப்படி அனுப்பிவிடுவார்கள் அக்கா, நம்பாதீர்கள் என்றேன். எழுத்தில் இருந்ததை விட்டுவிட்டு என் முகத்தை நம்பினாள். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருமே இப்படித்தான், இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சனிக்கிழமை வந்திருந்தால் யாரேலி எடுத்துக் கொடுத்திருப்பாள். ஆனால் ஐந்து நாளுக்குள் யாரும் வாங்காவிட்டால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டி திரும்பப் போய்விட வேண்டும். இது நான் போட்ட சட்டம் இல்லை.

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. கடைக்கு ஜெனரேட்டர் உண்டு, எங்களுக்கு ஒன்றுமில்லை. ஊரே ஐஸ் வாங்க உள்ளே நுழைந்தது. நான் கல்லாவைப் பூட்டிவிட்டு, பின்னறையில் போசோல், அதுதான் எங்கள் சோளக் கூழ், குடித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரம், கால் மணி நேரம் எனக்கு உண்டு. கதவு திறந்திருந்தது. ஒப்துலியா செருப்புக்கூட இல்லாமல் வந்து அந்த வாசலில் நின்றாள்.

“பெட்டி வந்துச்சா தம்பி?”

“வரலக்கா.”

“அவன் மூச்சுக்குச் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒண்ணு இருக்கு. ரெண்டு மணி நேரம் வரும்.”

அவளுக்குப் பின்னால் கசாப்புக்கடைக்காரர் ஐஸுக்காக நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்துவிட்டது. “ரெண்டு மணி நேரம்னா என்ன அர்த்தம்? ஏன் இவ்வளவு நாள் சொல்லல நீ?” என்று அவளைக் கேட்டுவிட்டு, “என் வேன் வெளியிலதான் நிக்குது. அவனைத் தூக்கிப் போட்டுக்கிட்டு கார்தெனாஸ் ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரத்துல கொண்டுபோயிடலாம், வா” என்றார்.

ஒப்துலியா தயங்கினாள். ஊர் பார்க்க வேனில் தூக்கிப் போவதை நிக்கானோர் தாங்கமாட்டான் என்று நினைத்திருக்கலாம். என் பக்கம் திரும்பினாள்.

“இன்னைக்கு வண்டி வருமா தம்பி?”

“வரும்க்கா. நாலு மணிக்குள்ள பெட்டி உங்க கையில இருக்கும். நிச்சயம்.”

அவள் முகம் தெளிந்தது. கசாப்புக்கடைக்காரரிடம், நாலு மணிக்குப் பெட்டி வந்துவிடும், அவனை அலைக்கழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

இந்த இடத்தில் நீங்கள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டீர்கள். தொடர்ந்து எழுதுங்கள். நான் பொய் சொல்லவில்லை மேடம். நாலு மணிக்குக் கொடுத்துவிடுவது என்று அப்போதே மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அந்த நிமிடமே எடுத்துக் கொடுத்திருந்தால், நான் உட்கார்ந்திருந்த பெட்டியை எழுந்து நின்று கொடுக்க வேண்டும், அதுவும் அந்த வழுக்கைத் தலையன் பார்க்க. நாலு மணிக்கென்றால் வண்டி இப்போதுதான் வந்தது என்று கௌரவமாகக் கொடுத்திருக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், ஒன்றரை மணி நேரம்.

நாலு மணிக்கு மறக்கவுமில்லை. ஐஸுக்குக் கூட்டம் நெருக்கியது. ஆளுக்கு ஒரு பைதான் என்று கண்டிப்பாகச் சொல்லி, ஒருவரையும் முந்தவிடாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த ஊரில் ஒழுங்கு என்று ஏதாவது இருந்ததென்றால் அது என் கல்லாவில்தான். நாலரைக்கு ஒருமுறை வாசலைப் பார்த்தேன். அவள் வரவில்லை. வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். பெட்டி எனக்கு எதற்கு?

அவள் வராததற்குக் காரணம் அப்புறம் தெரிந்தது. சிலிண்டர் தீர்ந்ததும் ஒரு அட்டையை மடித்து அவனுக்கு விசிறிக்கொண்டு இருந்திருக்கிறாள், விட்டுவிட்டு வர முடியவில்லை. கூரியர் வண்டி சத்தம் கேட்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரியைத் தெருமுனையில் நிறுத்தியிருக்கிறாள். நிக்கானோர் ஐந்து மணிக்கு முன்னாலேயே போய்விட்டான். ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விதிப்படி பெட்டி திரும்பிப் போனது.

உங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்பது எனக்கும் தெரியும். அடக்கமெல்லாம் முடிந்தபிறகு ஒரு சனிக்கிழமை அவள் கடைக்கு வந்து, யாரேலியிடம் கைப்பேசியைக் கொடுத்து ஏதோ கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் கூரியர் விவரத்தைத் தேடி எடுத்து உரக்கப் படித்திருக்கிறாள்: திங்கள் காலை ஒன்பது நாற்பதுக்குக் கடையில் சேர்ந்தது, வாடிக்கையாளர் பெற்றுக்கொள்ளவில்லை, வெள்ளி மாலை திருப்பி அனுப்பப்பட்டது. ஏப்ரல் மாதத்துக் கணினிக் குறிப்பையும் கம்பெனி உங்களுக்குக் கொடுத்திருக்கும். அந்த மூன்று நாளும் ஒரு நிமிடம்கூட சிஸ்டம் போகவில்லை என்று அதில் இருக்கும். உண்மைதான். பெட்டி இருந்தது, இல்லை என்றேன். வேன் இருந்தது, போகவிடாமல் செய்தேன். கொலை என்று போட விரும்பினால் போடுங்கள், வார்த்தைக்காக நான் சண்டை போடமாட்டேன். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள்.

ஆனால் என்னைப் பற்றி ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இது அரைகுறை. நிக்கானோருக்காகச் சொன்ன ஒன்பதாம் நாள் ஜெபமாலை முடிந்த மறுநாள், யாரேலி படித்துக் காட்டுவதற்கு முன்னால், ஒப்துலியா கறுப்பு உடையில் என் கடைக்கு வந்தாள். பொருள் போய்ச் சேராததால் பணத்தைத் திருப்பித் தருவதாக பேட்டரிப் பெட்டியை விற்றவன் ஒரு சீட்டு அனுப்பியிருந்தான். கார்டு இல்லாதவர்களுக்கு அதையும் கடையில்தான் மாற்றித் தருவார்கள். வரிசையில் நின்று, அவள் முறை வந்ததும் சீட்டை நீட்டினாள்.

“பெட்டி கடைசிவரைக்கும் வரவே இல்ல பாரு தம்பி” என்றாள். அப்புறம், யாரும் கேட்காமலேயே, “சவப்பெட்டி செஞ்ச தச்சனுக்குக் காசு குடுக்கணும்” என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். அட்டை கல்லாவுக்குக் கீழேதான் இருந்தது, நான் குனியக்கூட இல்லை. முதல் தடவையிலேயே ‘பீப்’ என்றது. புது நோட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அதை வைத்து அவள் என்ன வாங்கப்போகிறாள் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை மேடம், அந்த அளவுக்கு எனக்கும் மனசு உண்டு.